காலி வீட்டுப் பதிவு

எங்கள் கம்பெனியின் புகார்ப் படிவத்தில் நான்கு கட்டங்கள்தான் உண்டு. சத்தம் கேட்கிறது. சத்தம் அதிகமாகக் கேட்கிறது. சத்தம் உடைந்து கேட்கிறது. பெட்டி சூடாகிறது. இந்த நான்கில் ஒன்றைத் தொட்டால்தான் புகார் உள்ளே போகும். ஏ பிளாக் 1407-இலிருந்து வந்த புகாரில் முதல் கட்டம் தொடப்பட்டிருந்தது. கீழே குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: "சத்தம் கேட்கவில்லை. தயவுசெய்து வந்து பார்க்கவும்."

"சத்தம் கேக்கக் கூடாதுன்னுதானப்பா நம்ம பெட்டியே வச்சிருக்கோம்? பெட்டி நல்லா வேலை செய்யுதுன்னு புகார் குடுத்த மொத ஆளு இவங்கதான்" என்று போனில் சிரித்தார் ரிஸ்வானா மேடம். என் மேலதிகாரி. அவர் சிரித்தால் அடுத்த வாக்கியத்தில் எனக்கு வேலை இருக்கிறது என்று பொருள். "ரெண்டு பேரு போய்ப் பாத்துட்டு 'பழுது இல்லை'ன்னு மூடிட்டாங்க. அந்தம்மா விடாம மறுபடி மறுபடி திறக்குறாங்க. நித்திலன், நீ போ. நீதான் பொறுமைசாலி."

என்னைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால், வேறு ஆள் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

"இன்னொண்ணு. செம்பருத்தி நகர்ல பதினோரு பிளாக்லயும் பெட்டிக்குப் புது கன்வெர்ட்டர் போர்டு மாட்டியாச்சு. ஒரே ஒரு வீடு பாக்கி. யார் வீடு?"

"என் வீடுதான்."

"வெக்கமா இல்ல?"

"மாட்டணும்னா சுவத்துல துளை போடணும் மேடம். அந்த அதிர்வை எந்தப் பெட்டியும் நிறுத்தாது. பக்கத்து வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. பயந்துரும்."

"நல்லாச் சாக்கு சொல்ற. போ, போ" என்று வைத்துவிட்டார்.

சாக்கு இல்லை, நிஜமாகவே அந்தக் குழந்தைக்காகத்தான். தினமும் விடியற்காலையில் என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் திடுதிடுவென்று ஓடும். ஒரு மூலைக்கு ஓடி, நின்று, திரும்பி ஓடி வரும். எனக்கு அலாரமே அதுதான். வீட்டில் நான் ஒருவன் மட்டும் இருக்கிறேன். என் மனைவியும் மகள் இதழினியும் கோவில்பட்டிக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது இதழினி அவள் அம்மாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்து நின்றாள். இரண்டு நிமிடம் பேசிவிட்டு பேட்மிண்டன் வகுப்புக்கு ஓடிவிட்டாள். அதனால் பக்கத்து வீட்டுக் குழந்தையை நான் யாருக்காகவும் பயமுறுத்தத் தயாராக இல்லை.

செம்பருத்தி நகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படப்பைக்கு அப்பால், ஏரி இருந்த இடத்தில் எழுந்த கட்டடங்கள். ஒவ்வொன்றும் முப்பது மாடி. இயந்திரம் அச்சடித்த நுரைச் சுவர்கள். சாய்ந்து உட்கார்ந்தால் அடுத்த வீட்டுக்காரர் கொட்டாவி விடுவது கேட்கும். இதே மாதிரி சுவரோடு முதலில் கட்டிய குடியிருப்பில், மிக்ஸிச் சத்தத்துக்காக ஒருவர் இன்னொருவரின் பல்லை உடைத்து, கோர்ட்டுக்குப் போய், அப்புறம்தான் எல்லா வீட்டுச் சுவரிலும் எங்கள் பெட்டி கட்டாயம் ஆனது. கம்பெனி அதற்கு 'அமைதிக் காவலன்' என்று பெயர் வைத்தது. ஜனங்கள் ஊமைப்பெட்டி என்றார்கள். சண்டை நின்றது, அதை ஒத்துக்கொள்கிறேன். கூடவே பேச்சும் நின்றுவிட்டது. சாமான் கதவுக்குப் பக்கத்துப் பொந்து வழியாக வருகிறது, குப்பை இன்னொரு பொந்து வழியாகப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆணா பெண்ணா என்று தெரியாமலே பத்து வருடம் குடியிருக்கலாம். இருக்கிறார்கள்.

1407-இன் கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் தாரணி. கோபிசெட்டிபாளையத்துப் பேச்சு. நீதிமன்ற விசாரணைகளை இயந்திரம் கேட்டு எழுதுகிறது அல்லவா, அதில் உள்ள பிழைகளை வீட்டிலிருந்தே திருத்துகிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் படிப்பவர். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் கரகரத்தது. அன்றைக்கு அதுதான் முதல் பேச்சு என்று எனக்குத் தோன்றியது.

"நீங்களும் பெட்டி நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டுப் போறதுக்குத்தான் வந்தீங்களா?"

"மொதல்ல பாக்குறேன் மேடம், அப்புறம் திட்டுங்க."

கருவிப் பையைத் திறந்தேன். இணைப்பு வயர்களைக் கழற்றி மாட்டினேன். மைக்குக்குள் ஓடும் கடிகாரமும் கன்வெர்ட்டருக்குள் ஓடும் கடிகாரமும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் அறையில் கிரீச்சென்று கேட்கும். ஒத்துப் போயின. நான்கு சுவரிலும் அளவு எடுத்தேன். இவ்வளவு சுத்தமான அமைதியை நான் எந்த வீட்டிலும் அளந்ததில்லை. அந்த அறையில் என் சட்டைக் கை உரசுவது எனக்குக் கேட்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க எனக்கே பிடிக்கவில்லை.

"இந்தப் பெட்டி என்னதாங்க பண்ணுது? வந்த ரெண்டு பேரும் சொல்லலை" என்றார்.

"சுவத்துல மைக் இருக்கு. வெளியிலேருந்து வர்ற சத்தத்தைக் கேட்டு எண்ணா மாத்தும். பெட்டி அதுக்கு நேர் எதிரான எண்ணைக் கணக்குப் போடும். கன்வெர்ட்டர் போர்டு அந்த எண்ணைத் திரும்ப சத்தமா மாத்தி இந்தப் பக்கம் விடும். சத்தமும் எதிர்ச்சத்தமும் சேர்ந்தா ஒண்ணும் மிஞ்சாது. பழைய போர்டு கொஞ்சம் மந்தம், கொஞ்சம் மிச்சம் விடும். புதுசு விடாது."

"அந்த மிச்சத்தைத்தான் கேக்கறேன்."

அவர் என்னைக் கூடத்தின் மேற்குச் சுவருக்குக் கூட்டிப்போனார். சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, ஒரு சின்ன முக்காலி. முக்காலியில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்.

"இந்தப் பக்கம் 1408. அங்க ஒருத்தர் இருக்காருங்க. காலையில அஞ்சரைக்கு எந்திரிப்பாரு. ரெண்டு இருமல் இருமி, தொண்டையச் செருமுவாரு. அப்பறம் டொக் டொக் டொக்குன்னு மூணு தட்டு. இஞ்சி தட்டறாருன்னு நெனைக்கறேன். அப்பறம் என்னமோ ஒரு முணுமுணுப்பு. பத்து நிமிசம், அவ்வளவுதான். எட்டு வருசமா ஒரு நாள் தவறினதில்லீங்க. நானும் அதே நேரத்துக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ வெச்சு, இங்க உக்காந்து, அவரோட சேந்து குடிப்பேன்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "போன மாசம் பதினெட்டாந்தேதி புது போர்டு மாட்டினாங்க. பத்தொம்பதாந்தேதியிலிருந்து ஒண்ணுமில்லை."

"புது போர்டு நல்லா வேலை செய்யுது மேடம், அதனால..."

"அதனாலதான் கேக்கலையா, இல்ல அவரு இல்லாததுனால கேக்கலையா? அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" அவர் குரல் உயர்ந்தது. "தனியா இருக்கறவரு. உள்ள விழுந்து கெடந்தாருன்னா? செக்யூரிட்டிகிட்டச் சொன்னேன், எந்த வீட்டைப் பத்தியும் சொல்ல மாட்டோம், தனியுரிமைன்னாங்க. எட்டு வருசத்துல மொத தடவையா கதவைத் தட்டினேன். மூணு நாளு தட்டினேன். தெறக்கலை. தம்பி, எனக்குப் பயமா இருக்குதுங்க. மனுசன் உசுரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. அப்பறம் நான் புகாரே குடுக்க மாட்டேன்."

 பன்னிரண்டு வருட வேலையில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். அமைதியில் இரண்டு வகை இருக்கிறது, எந்த வகை என்று சொல் என்று யாரும் கேட்டதில்லை.

பெட்டியை அணைத்தேன். கட்டடத்தின் இரைச்சல் உள்ளே வந்தது: லிஃப்ட், குழாய்த் தண்ணீர், மேல் மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது. சுவரில் ஒட்டும் மைக்கை 1408-இன் பக்கம் பதித்து, ஹெட்போனில் அரை மணி நேரம் கேட்டேன். காற்றின் ஓசை மட்டுமே வந்தது. ஃபிரிட்ஜ் ஓசைகூட இல்லை. அது எனக்கு உறைத்தது.

அடுத்த வீட்டுப் பெட்டியை எங்கள் டேப்லெட்டில் பார்ப்பது விதிப்படி தப்பு. பார்த்தேன். 1408 என்ற எண்ணுக்கு நேரே இருந்த வரியை இரண்டு முறை படித்தேன். பெட்டி பொருத்தப்படவில்லை. மின் இணைப்பு கொடுக்கப்படவில்லை. விற்கப்படாத வீடு.

"மேடம்... அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

"போயிட்டாரா?"

"அந்த வீட்டுல யாருமே குடி வரலைக்கா. கட்டினதுலேருந்து பூட்டியே கெடக்கு."

சாவுச் செய்திக்குத் தயாராக இருந்த முகம் அது. இதற்குத் தயாராக இல்லை. அவர் கோபப்பட்டார். எனக்குக் காது சரியில்லையா, புத்தி சரியில்லையா என்று கேட்டார். நான் டேப்லெட்டைக் காட்டினேன். படித்தார். நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவர், அந்த வரியிலும் பிழை தேடினார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

"அப்ப எட்டு வருசமா நான் யாரோடங்க டீ குடிச்சேன்?"

 கிளம்பி வந்திருக்கலாம், 'பழுது இல்லை' என்று நானும் மூடியிருக்கலாம். ஆனால் எட்டு வருடம், தினமும் அஞ்சரை, பத்து நிமிடம் என்பது மனப்பிரமை மாதிரி இல்லை, இயந்திரத்தின் வேலை மாதிரி இருந்தது. எனக்கு அரித்தது.

"எட்டு வருஷம்னு சொல்றீங்க. இந்த வீட்டுக்கு வந்து ஒம்பது ஆச்சே. மொத வருஷம் கேக்கலையா?"

"மொத வருசம் என் தம்பி கூட இருந்தான். வீட்டுல சத்தமா இருக்கும், கவனிச்சிருக்க மாட்டேன். அவன் போனப்பறந்தான் அவரு... அந்தச் சத்தம்."

"மன்னிச்சுக்கங்க. எப்படி இறந்தாரு?"

"சாகலீங்க. போயிட்டான்." எழுந்து சமையலறைப் பக்கம் போனார். போகிற போக்கில் சொன்னார்: "நாப்பத்தி நாலு வயசுல ஒருத்தியக் கட்டிக்கறேன்னான். உனக்கெதுக்கடா இந்த வயசுலன்னேன். அவன் ஒரு வார்த்தை சொன்னான், நான் பத்து வார்த்தை சொல்லிப்போட்டேன். திருப்பூர்ல இருக்கான்."

கழற்றிய பழைய போர்டுகள் எல்லாம் ஏ பிளாக் அடித்தளத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமை நொறுக்க அனுப்புவார்கள். அன்று புதன். நானூறு போர்டுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் குனிந்து தேடி, இடுப்பு பிடித்து, 1407-ஐக் கண்டுபிடித்தேன். தகர உறையின் மேல் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் இருந்தன. அதைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு காலைப்பொழுது ஞாபகம் வந்தது.  வேண்டாம், அதுவாக இருக்காது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு தாரணி அக்காவின் வீட்டில் இருந்தேன். புது போர்டைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். அக்கா இஞ்சி தட்டி டீ வைத்திருந்தார். இந்த முறை இரண்டு டம்ளர். "உங்க வீட்டுலயும் இப்படித்தான் இருக்குங்களா, அமைதியா?" என்று கேட்டார். "எனக்கு இன்னும் பழைய போர்டுதான். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடுறது தெளிவாக் கேக்கும். நீங்க புகார் குடுத்தது எனக்கு நல்லாவே புரியுதுக்கா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சரியாக அஞ்சரை. சுவரிலிருந்து மெல்ல, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல, இரண்டு இருமல். ஒரு செருமல். டொக், டொக், டொக்.

தாரணி அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். "பாருங்க, நான் பொய் சொல்லலை. பாருங்க தம்பி." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. செத்ததாக நினைத்த மனிதர் திரும்பி வந்தது போல அவருக்குச் சந்தோஷம்.

 என்ன நடந்தது என்று இப்போது முழுசாகத் தெரிந்துவிட்டது.

"அக்கா, வீட்டுக்குன்னு சொந்தமா ஒரு இரைச்சல் உண்டு. குழாய், லிஃப்ட் மோட்டார், காத்து. பெட்டி மாட்டுறப்ப, வீட்டுல யாரும் இல்லாம பத்து நிமிஷம் அதைப் பதிவு பண்ணணும். காலி வீட்டுப் பதிவுன்னு பேரு. பழைய போர்டு தினமும் பதிவு எடுத்த அதே நேரத்துக்கு, அந்தப் பதிவுக்கு எதிர்ச்சத்தம் போட்டுப் பாத்து தன்னைச் சரி பண்ணிக்கும். பதிவு நிஜமாவே காலி வீடா இருந்தா ஒண்ணும் கேக்காது. ஆனா பதிவுக்குள்ள ஒரு மனுஷன் இருமியிருந்தான்னா, பெட்டி தினமும் அந்த இருமலுக்கு எதிர் இருமல் போடும். அதோட சேர்ந்து அழியறதுக்கு வீட்டுல இருமல் இருக்காது. அப்ப எதிர்ச்சத்தம் தனியா நிக்கும். காதுக்கு அதுவும் சத்தந்தான்."

"காலி வீட்டுல யாருங்க இருமறது?"

"காலியா இல்லையே. நீங்க குடி வந்தது தை மாசம் முகூர்த்த நாள். ஞாபகம் இருக்கா? பிளாக் முழுக்க நானூறு பேருக்கும் ஒரே நாள்ல சாவி குடுத்தாங்க. எல்லாருக்கும் பிரம்ம முகூர்த்தத்துல பால் காய்ச்சணும். பெட்டி மாட்டாம யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சட்டம். மாட்ட வந்தவங்க பத்து நிமிஷம் வெளிய நில்லுங்கன்னா, 'நல்ல நேரம் போயிரும், பால் பொங்கட்டும்'னு எல்லா வீட்டுலயும் உள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. இங்க வந்தவனும் பால் பொங்குறப்பவே பதிவு எடுத்துட்டு, படிவத்துல 'வீடு காலியாக இருந்ததா'ங்கிற இடத்துல 'ஆம்'னு போட்டுட்டுப் போயிட்டான். பெட்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வாங்கிக்கிட்டான்."

"யாரு அவன்?"

பையிலிருந்து ஒரு வயரை எடுத்தேன். பழைய போர்டு கனத்த ஓசைகளை மட்டும்தான் சுவரில் விடும், பேச்சு புரியாது. பதிவோ முழுசாக உள்ளே இருக்கும். போர்டிலிருந்து நேராக ஹெட்போனுக்கு வயர் இழுத்தேன். முதலில் நான் கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன், இருந்தாலும் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருடம் இளைய என் குரல், அவசரமாக: "சரி சரி, பொங்கட்டும் சார், நான் எழுதிக்கிறேன்."

ஹெட்போனை அக்காவிடம் கொடுத்தேன்.

கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. முதலில் புருவம் சுருங்கியது. இரண்டு இருமல் வந்திருக்க வேண்டும், அவருடைய கை தானாக வாயைப் பொத்தியது. அப்புறம் கரண்டியை டபராவின் விளிம்பில் தட்டுகிற மூன்று தட்டு. சுவர் வழியாக வந்தபோது டொக் டொக், ஹெட்போனுக்குள் கணீர் கணீர்.

"இஞ்சி இல்லீங்க" என்றார். "பாலைக் கலக்கிப்போட்டு இப்படித்தான் தட்டுவான். மூணு தடவை. டபரா நசுங்குது, தட்டாதடான்னு தெனமும் வைவேன்." கொஞ்ச நேரம் கேட்டார். "அக்கா, பொங்குது பாருங்குறான். நான் சிரிக்கறேன். நான்தான் சிரிக்கறனா இது? எனக்கு இப்படியெல்லாம் சிரிக்க வருமா?"

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அடக்கிக்கொள்ளாத அழுகை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை அடங்கியதும், "அந்த ஆளு நான்தான்க்கா. தப்பு என்னுது" என்றேன்.

"எந்தத் தப்பு?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"பழைய போர்டையே வச்சுட்டுப் போறேன். விதிப்படி தப்பு. பரவாயில்லை, நான் பாத்துக்கிறேன். தினமும் கேக்கும்."

அவர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"வேண்டாங்க தம்பி. எடுத்துட்டுப் போங்க. இது இருந்துச்சுன்னா நான் அவனுக்கு போன் பண்ண மாட்டேன். எட்டு வருசமா பண்ணாம இருந்ததே இதுனாலதானோ என்னமோ. காலையில பாதி மனசு நெறஞ்சு போயிருது, அப்பறம் எங்க போன் பண்றது?"

புது போர்டை மாட்டினேன். இந்த முறை முறையாகக் காலி வீட்டுப் பதிவு எடுக்க வேண்டும். பத்து நிமிடம் இரண்டு பேரும் வெளியே, நீண்ட நடையில் நின்றோம். இருபது கதவுகள், எல்லாம் மூடியவை. அக்கா போனைக் கையில் வைத்து, எண்ணை எடுத்துவிட்டு, தொடாமல் நின்றார். தைரியம் வர நேரம் வேண்டும் என்று என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு என்ன வயசுங்க இருக்கும்?"

"ஓடுறதைப் பாத்தா மூணு இருக்கும்க்கா. இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்கு ஓடும், நிக்கும், திரும்ப ஓடும்."

"எத்தனை வருசமா கேக்குது?"

"நான் எஃப் பிளாக்குக்கு வந்ததுலேருந்து. ஆறு வருஷமா..."

 ஆறு வருடமாக. அதே மூலை. அதே எட்டு அடி. அந்தக் குழந்தை வளரவே இல்லை.

தாரணி அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பிழை திருத்துகிறவர் அல்லவா. ஐயோ என்றார், என் தோளைத் தொட்டார். பிறகு, எனக்கு வழி காட்டுவதற்காகவோ என்னவோ, போனில் அந்த எண்ணைத் தொட்டுவிட்டார். மணி அடித்தது. நடையில் ஊமைப்பெட்டி கிடையாது, அதனால் எனக்கும் கேட்டது. யாரோ எடுத்தார்கள். பேச்சுக்கு முன்னால் இரண்டு இருமல் வந்தது, ஒரு செருமல் வந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "பிரணவ்" என்றார். "டீ குடிச்சாச்சா?"

நான் லிஃப்டை நோக்கி நடந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பால் காய்ச்சிய அன்று இதழினிக்கு மூன்று வயது. காலி வீட்டில் சாமானே இல்லை என்று அவளுக்கு ஒரே குஷி. பதிவு எடுக்க பத்து நிமிடம் வெளியே இருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வேலை எனக்கு. என் மனைவி, "நல்ல நேரம் போயிரும், ஊரான் வீட்டுக்குத்தான் உங்க சட்டம்" என்றாள். நானே 'ஆம்' என்று போட்டேன். எஃப் பிளாக்கில் என் பக்கத்து வீடு யாருடையது என்று டேப்லெட்டில் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. இன்று வரை பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அஞ்சரைக்கு முன்பே விழித்துக்கொண்டேன். படுக்கையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். ஹெட்போனும் வயரும் பையில்தான் இருந்தன. இழுத்து மாட்டினால் அவள் என்ன சொல்லிக்கொண்டு ஓடினாள் என்றுகூடக் கேட்கலாம். அவள் அம்மா சிரித்தாளா என்றும் தெரிந்துவிடும். பையைத் திறக்கவில்லை.

திடுதிடுவென்று ஓடியது. மூலையில் நின்றது. திரும்பி ஓடி வந்தது.

தாரணி அக்காவுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. போனை எடுத்தேன், கோவில்பட்டி எண்ணையும் எடுத்தேன். இந்நேரம் தூங்குவாள் என்று சொல்லிக்கொண்டேன். போனை வைக்கப் போகும்போது ரிஸ்வானா மேடத்தின் செய்தி வந்தது. பழைய போர்டு வண்டி பத்து மணிக்குக் கிளம்புகிறது, உன் போர்டையும் கழற்றிக் கொடு, இல்லையென்றால் ஒத்திவைப்புக்குக் காரணம் எழுது என்று இருந்தது. கீழே படிவம்.

ஒத்திவைப்பு என்ற கட்டத்தைத் தொட்டேன். காரணம் என்ற இடத்தில், அன்றைக்கு மேடத்திடம் உண்மை என்று நம்பிச் சொன்னதையே மறுபடி எழுதினேன்.

"பக்கத்து வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது."